நேர்ந்த கோழிக்கு ஒரு கூடு

அப்பாவை அடக்கம் செய்த மறுவாரம் எங்கள் கோழிகளில் இரண்டைக் கீரி கொண்டு போனது. பட்டப்பகலில், அடுக்களைக்குப் பின்னால். அம்மா ஓடிப்போய் ஒரே ஒரு கோழியைத்தான் தேடினாள். கழுத்தில் இறகில்லாத அந்தச் சிவப்புக் கோழி கொல்லாமரத்தடியில் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றது.

அப்பா நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா அதைச் சபைக்கு நேர்ந்திருந்தாள். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

“அப்பாதான் வரலியே. பொறவு எதுக்கும்மா?” என்று கேட்டேன்.

“வந்தா தாறேன்னு நான் சொல்லல. தாறேன்னுதான் சொன்னேன்” என்றாள்.

பண்டிகைக்குள் அதைக் கீரி கொண்டு போய்விட்டால் சொன்ன சொல் போய்விடும். அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சோற்றில் கை வைத்தபடி பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபீசில் ஒரு மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். லேப்டாப்பைத் திறந்தால் வெறுமனே திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கூடு கட்டுவது அதைவிட எளிதாகத் தெரிந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதையும் தாளில் வரையாமல் தொடங்கத் தெரியாது. மேசையில் கிடந்த தாள் ஒன்றின் பின்பக்கம் வரைந்தேன். நாலடிக்கு மூன்றடியில் கால் வைத்த கூடு, அதை ஒட்டிக் கோழிகள் மேய பத்தடிக்குக் கம்பிவலை அடைப்பு. வரைந்து முடித்துத் திருப்பிப் பார்த்தேன். அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட். அப்படியே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஒரே பலகையை மூன்று முறை அளந்தேன். ஒவ்வொரு முறையும் ரம்பத்தை எடுப்பதற்குள் எண் மறந்துபோனது. கடைசியில் பலகையிலேயே எழுதிவைத்தேன். கீரி மண்ணைத் தோண்டி நுழையும் என்பதால் வலையை ஒரு அடி ஆழத்துக்கு இறக்கி, அதை ஒட்டி மண்ணுக்குள் செங்கல் அடுக்க வேண்டியிருந்தது. அப்பா சூளையில் வேலை பார்த்தவர். குளிக்க ஒரு குளிமுறி கட்ட என்று, உடைந்த கற்களாகப் பார்த்து வருஷக்கணக்கில் கொண்டுவந்து மதிலோரம் சேர்த்திருந்தார். அவற்றை எடுத்து அடுக்கினேன். அம்மா பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

பக்கத்து வீட்டு ஆட்டோக்கார அண்ணன் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

“என்னடே மக்கா, கோழிக்கா கெட்டுக, இல்ல வாடகைக்கு விடப் போறியா?”

“கீரி வருகுண்ணே.”

“உனக்க பிளானப் பாத்தா கீரியே பயந்து இரணியல்ல ரயில் ஏறிப் போயிரும்.”

சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது. சிரித்தேன்.

கோழிகள் முதல் நாள் உள்ளே போகவில்லை. அம்மா தவிட்டைக் குழைத்து உள்ளே வைத்தாள். சிவப்புக் கோழி முதலில் போனது. அடுத்த வாரம் வலைக்கு வெளியே கீரி ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டியிருந்தது. செங்கல்லில் முட்டி நின்றிருந்தது குழி. மண்ணைத் தள்ளி மூடினேன். கட்டியது தாங்கிவிட்டது என்ற சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

பண்டிகையன்று அம்மா கோழியைக் குளிப்பாட்டித் துடைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு போய்க் காணிக்கையாக வைத்தாள். ஆராதனை முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்துவிட்டாள். எங்கள் சபையில் காணிக்கையாக வரும் வாழைக்குலை, தேங்காய், கோழி எல்லாவற்றையும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். அந்த இறகில்லாத கழுத்தைப் பார்த்ததும் என் கை தானாக உயர்ந்தது.

“ஏலே, உனக்க கோழிய நீயே கேக்கியா?” ஆட்டோக்கார அண்ணன் சத்தமாகக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கையை இறக்கவில்லை. மற்றவர்கள் விட்டுக்கொடுத்தார்கள்.

அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கோழியைப் பார்த்ததும் முறம் நின்றது.

“எதுக்கு மக்கா கொண்டு வந்த?”

“நம்ம கோழிலாம்மா. இத்தன நாளு காத்து வச்சது...”

“குடுக்கதுக்குத்தான் காத்தது. நான் குடுத்தாச்சு.” கோபம் இல்லை. “இது நீ ஏலத்துல எடுத்தது. சும்மா கோழி.”

அதை அடைப்புக்குள் விட்டேன். மற்ற கோழிகளோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

மறுநாள் காலையில் அம்மாவே ஆட்டோக்கார அண்ணனைக் கூப்பிட்டு அறுக்கச் சொன்னாள். தேங்காய் வறுத்து அரைத்துக் கறி வைத்தாள். அப்பா போனபிறகு வீட்டில் வைத்த முதல் கறி. இருவரும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா இரண்டாவது முறை சோறு எடுத்துக்கொண்டாள்.

“உப்பு இருக்கா?” என்று கேட்டாள்.

இருக்கிறது என்றேன்.