ஒன்பது துளை, எட்டுக் குச்சி

என் மேசை இழுப்பறையில் ஒரு சின்னப் பிளைவுட் பலகை இருக்கிறது. அதில் ஒன்பது துளைகள். அவற்றில் செருகுவதற்கு, சிவப்பு, நீல ஆபீஸ் பென்சில்களை விரல் நீளத்துக்கு நறுக்கிய குச்சிகள் எட்டு. எங்களிடம் புதிதாகச் சேரும் பிசியோதெரபிஸ்டுகள் எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்பதாவது எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அதைச் செய்தவர் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு டெல்லி கரோல் பாக்கில். பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோய், மனைவியோடு எங்கள் ஆய்வுக்கு வந்தார். தலையருகே காந்தச் சுருளை வைத்து, கையை இயக்கும் மூளைப் பகுதியைத் தூண்டினால் அசைவு சீக்கிரம் திரும்புமா என்பது ஆய்வு. சிலருக்கு நிஜத் தூண்டல். சிலருக்கு டக் டக்கென்ற சத்தம் மட்டும். யாருக்கு எது என்று அவருக்கும் தெரியாது, அளவெடுக்கும் எனக்கும் தெரியாது. இதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்கியிருந்தோம். கைப்பயிற்சி எல்லாருக்கும் உண்டு. வாரம் ஒருமுறை சோதனை: ஒன்பது குச்சிகளைத் துளைகளில் செருக எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்போம்.

அவருடைய கவலை வேறு. மாதக் கடைசியில் தங்கை மகளுக்குக் கல்யாணம். இடது கையால் சாப்பிட அவருக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டில் மனைவி ஊட்டிவிட்டார். “பந்தியில அத்தனை பேர் நடுவுல வாயத் திறந்துகிட்டு உட்காரணுமா? நான் போகல மேடம்” என்றார். தாய்மாமன் இல்லாமல் கல்யாணமா என்று தங்கை தினமும் போனில் அழுதுகொண்டிருந்தார்.

முதல் இரண்டு வாரம் குச்சியைப் பிடிக்கவே திணறினார். மூன்றாவது வாரம் கடகடவென்று ஒன்பதையும் செருகிவிட்டார். நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். அந்தச் சந்தோஷத்தில்தான் மனைவி பையிலிருந்து இந்தப் பலகையைப் பெருமையாக எடுத்துக் காட்டினார். தெருவிலிருக்கும் கார்பென்டர் பையாவிடம் சொல்லிச் செய்தார்களாம். காலையும் மாலையும் கணவர் செருக, மனைவி போனில் நேரம் பார்த்து, “ஜல்தி, ஜல்தி” என்று விரட்டுவாராம்.

சோதனையையே வீட்டில் ஒத்திகை பார்த்தால், கை தேறியதா, சோதனை பழகிப்போனதா என்று எப்படிச் சொல்வது? நன்றாகவே கத்திவிட்டேன். அவர் அசரவில்லை. “எத்தனை டிபார்ட்மென்ட் பரீட்சை எழுதியிருக்கேன்! பழைய கேள்வித்தாளைப் போட்டுப் பார்க்காம எவனாவது போவானா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. ஆய்வுக்குப் பொறுப்பான டாக்டர், சிகிச்சை தொடரட்டும், இவருடைய எண்களை மட்டும் தனியே எடுத்து வையுங்கள் என்றார். பலகையைக் கொடுங்கள் என்று கை நீட்டினேன். முதன்முறையாக அவர் முகம் வாடியது. “கல்யாணம் வரைக்கும் இருக்கட்டும் மேடம். அப்புறம் நானே சரண்டர் பண்ணிடறேன்.” எனக்கு வாங்க மனம் வரவில்லை.

மாதங்கள் கழித்து, ஆய்வு முடிந்து, யாருக்கு எது என்ற ரகசியப் பட்டியலைத் திறந்தபோது, அவருக்குக் கிடைத்தது வெறும் சத்தம்தான் என்று தெரிந்தது. சங்கடத்தோடு போனில் சொன்னேன். “அச்சா! அப்ப வேலை செஞ்சது இவ சத்தம்தான்” என்று மனைவியை வம்புக்கிழுத்துச் சிரித்தார். ஒருவரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அந்தச் சுருள் சிலருக்கு உதவலாம். இன்று எங்கள் படிவத்தில், ‘இச்சோதனையை வீட்டில் செய்து பார்க்கிறீர்களா?’ என்று ஒரு கேள்வி இருக்கிறது. எங்களுக்குள் அதற்குப் பெயர் செக்‌ஷன் ஆபீசர் கேள்வி.

அதற்கெல்லாம் முன்பே, கல்யாணத்துக்கு அடுத்த திங்கட்கிழமை, சொன்ன சொல் தவறாமல் பலகையோடு வந்தார். எண்ணினேன், எட்டு.

“ஒண்ணு எங்க சார்?”

“பந்தியில சாதம் வர்ற வரைக்கும் அதை விரல்ல உருட்டிக்கிட்டு இருந்தேன் மேடம். சாம்பார் ஊத்தினதும் இலையோரமா வச்சுட்டேன். பாயசம் வரைக்கும் நானே சாப்பிட்டேன், நானே இலையை மடிச்சேன். குச்சி உள்ள இருந்ததையே மறந்துட்டேன்!”

மேசை நிறையப் பென்சில்கள் கிடக்கின்றன. ஒன்றை நறுக்கிச் செருக ஒரு நிமிடம் ஆகாது. அந்தத் துளையை நான் காலியாகவே வைத்திருக்கிறேன்.