மாமியார் முன்னால் கேட்ட கேள்வி

பொய் என்று தெரிந்த பதிலைச் சொன்னபடியே எழுதினால், எழுதிய கை நேர்மையானதுதானா? நர்ஸ் புருல்சாவின் வாழ்க்கையைப் பார்க்கும்போது இப்படித்தான் கேட்கத் தோன்றுகிறது.

நாரின் என்னும் மலைப்பகுதிக் கிராமங்களில் ஆட்டிலிருந்து மனிதருக்கு ஒட்டும் காய்ச்சல் ஒன்று உண்டு. கருவையும் கலைத்துவிடும். எந்தப் பள்ளத்தாக்கு ஆடுகளுக்கு முதலில் தடுப்பு மருந்து கொடுப்பது என்று முடிவு செய்ய வீடுவீடாக ஆய்வு நடந்தது. புருல்சாவுக்கு நாற்பத்தொரு வீடுகள். மருமகளிடம் தனியாகக் கேட்க வேண்டும் என்பது விதி. ஆனால் விரிப்பில் ரொட்டியை வைத்து உட்காரச் சொல்லும் மாமியாரை வெளியே இருக்கச் சொல்ல அந்த ஊரில் யாருக்கு வாய் வரும்?

அய்சிரெக் வீட்டிலும் அப்படித்தான்.

"கரு எப்பவாவது கலைஞ்சிருக்காம்மா?"

அய்சிரெக் தேநீர்க் கெண்டியையே பார்த்தாள். மாமியார் கனிஷாய் முந்திக்கொண்டாள். "வந்ததும் வராததுமா என்னடி கேள்வி இது? முதல்ல ரொட்டியப் பிச்சு வாயில போடு."

"இல்லக்கா," என்றாள் அய்சிரெக்.

இரண்டு முறை கலைந்திருந்தது. இரண்டு முறையும் ஊசி போட்டவள் புருல்சாதான். இருந்தும் 'இல்லை' என்று எழுதினாள். 'உடன் இருந்தவர்' என்ற கட்டத்தில் 'யாருமில்லை' என்று போட்டாள். நாற்பத்தொரு தாளிலும் அதே.

தாள்களில் நோயே தெரியாததால் மருந்து வேறு பள்ளத்தாக்குக்குப் போயிற்று. அடுத்த வசந்தத்தில், ஆடுகளுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த அய்சிரெக்குக்கு மூன்றாவதும் கலைந்தது. ஊசி போட வந்த புருல்சாவிடம் மெல்லச் சொன்னாள்: "உங்களுக்குத்தான் தெரியுமேக்கா. நீங்களாவது எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் தேவலை. புருல்சாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றே நகரத்துக்குப் போய், ஆய்வை நடத்திய டாக்டர் சதிர்பெக்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பொம்பளைங்க மறைச்சுட்டாங்கன்னு அறிக்கையில போட்டுடலாம். உங்க பேரு வராது," என்றார் அவர்.

"மறைக்கத்தான் முடியுங்கற எடத்துல வச்சுக் கேட்டவ நான், டாக்டர். யாருமில்லன்னு பொய் எழுதினதும் நான்தான். அதையே போடுங்க."

போட்டார். ஆய்வை மறுபடி நடத்த அனுமதி வந்தது. கேள்வித்தாளை அவளிடமே நீட்டினார்கள். அவள் அதைப் புதிதாக வந்த நர்ஸிடம் கொடுத்துவிட்டாள். ஆனால் நாற்பத்தொரு வீட்டுக்கும் கூடவே போனாள். மருமகளைப் பட்டிப் பக்கம் அழைத்துப்போய்ப் புதியவள் கேட்டுக்கொண்டிருக்க, புருல்சா உள்ளே கெண்டியருகே மருமகள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, மாமியாருக்குத் தேநீர் ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள்.

"கேள்வி கேக்க வந்தியா, எனக்கு மருமகளா வந்தியா?" என்று கனிஷாய் சிரித்தாள்.

புருல்சா கிண்ணத்தை நிரப்பினாள். அதன்பின் வந்த எந்த ஆய்விலும் அவள் யாரிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஏன் என்று எவரிடமும் சொன்னதுமில்லை.