ரயில் கடிக்காத காசு

ரயில் ஏறிப்போன காசைத் தண்டவாளத்திலிருந்து எடுத்ததும் உள்ளங்கை சுடும். திண்டிவனத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரிடமும் அப்படி நசுங்கிய "ரயில் காசு" இருந்தது. ஆபத்தான விளையாட்டென்று அம்மா திட்டியதில் நியாயம் உண்டு. ஆனாலும், ரயில் ஏறினால் காசு தோசைபோல் பரவும், எழுத்துகள் இழுபட்டு மங்கும் என்பதை எங்கள் விரல்கள் அறிந்திருந்தன. என் அக்கா ரோஸிக்கோ வேறொரு பித்து: நாணயச்சாலையிலேயே பிழையாகப் பிறந்த காசு ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்காகக் கிளை நூலகத்தின் ஒரே நாணயப் புத்தகத்தை வேறெவர் கைக்கும் போகவிடாமல் எடுத்து வந்துகொண்டிருந்தாள்.

எங்கள் தெரு செலினாக்கா, விழுப்புரம் பேருந்துகளில் ஏறி அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்பவர். சில்லறைக்குத் திண்டாடும் நடத்துநர்கள் நோட்டைக் கொடுத்து அவரிடம் காசு வாங்கிக்கொள்வது வழக்கம். ஒரு விடுமுறையில் அத்தை வீட்டுக்குப் போக நாங்கள் ஏறி உட்கார்ந்திருந்த பேருந்தில், அவர் தந்த சில்லறையிலிருந்து பழைய ஒரு ரூபாயை நடத்துநர் உயர்த்திக் காட்டினார். அதன் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு கடி.

"இன்னாம்மா, காச வெட்டிக்கினு வந்து என் தலையில கட்டறியா? இனிமே என் வண்டியில ஏறாத!"

"நான் எதுக்குங்க வெட்டறேன்? மல்லாட்டை அவிக்கவே நேரம் பத்தல!"

"அப்ப ரயில் கடிச்சுதா?"

பேருந்து முழுதும் சிரித்தது, செலினாக்கா சிரிக்கவில்லை. அந்த வண்டி போனால் அவருடைய காலை வியாபாரமே போயிற்று.

ரோஸி எழுந்துவிட்டாள். "சார், ரயில் கடிக்காது, நசுக்கும். கடிக்கு நேர் எதிர் விளிம்பத் தடவிப் பாருங்க."

நாணயச்சாலையில் அச்சடிக்குமுன் வெறும் உலோக வில்லையின் ஓரத்தை எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து அழுத்தித்தான் விளிம்பை மேடாக்குவார்கள். அப்போதே ஓரம் குறைந்திருந்தால் அங்கே அழுத்தம் விழாது. அதனால் எதிர்ப்புறமும் மேடாகாமல் மழுங்கிப் போகும். பின்னால் எவரேனும் வெட்டியிருந்தால் எதிர் விளிம்பு முழுசாகவே இருக்கும். இதை அவள் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதற்குள் ஓட்டுநர், "பேஜாரா கீதே, ஜல்தி முடிங்கப்பா!" என்று ஒலிப்பானை அடித்தார்.

நடத்துநர் வேறொரு ரூபாயை எடுத்து இரண்டையும் கட்டைவிரலால் மாறிமாறித் தடவினார். "அட! இங்க வழவழன்னு கீது! பொறப்பே இப்டியாம்மா? அப்ப அபூர்வக் காசாச்சே, எனக்கே குடுத்துடேன்."

"வெட்டுக் காசு உங்களுக்கு எதுக்குங்க?" என்று செலினாக்கா அதைப் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டார். "வண்டியில ஏறலாமா, கூடாதா?"

"ஏறும்மா தாயே, ஏறு!"

விழுப்புரம்வரை அந்தப் பேருந்தில் எல்லாரும் தத்தம் காசுகளைத் தடவிக்கொண்டே வந்தார்கள். வெட்டிய கையைத் தேடுமுன் காசை ஒருமுறை திருப்பிப் பார்க்கும் பொறுமை எத்தனை பேரின் பிழைப்பைக் காக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் அதே தடத்தில் மல்லாட்டை வாங்கிக் கைப்பேசியால் பணம் செலுத்தினேன். சில்லறைக்குக் கைநீட்டும் நடத்துநர்கள் இப்போது இல்லை. காசுகள் உரசும் ஓசையும் இல்லை. நரைத்த தலையுடன் செலினாக்கா என்னை அடையாளம் கண்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தக் கடிபட்ட காசின் எதிர் விளிம்பில் என் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"இன்னும் வழவழன்னுதான் கீது, பாரு!"