ஒப்புதலுக்குக் காத்திருந்த செல்வராஜ் மாமா

செய்தி வந்தபோது நான் கணக்குப் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். முசஃபாவில் கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்பில் செல்வராஜ் மாமா காலையில் எழுந்திருக்கவில்லை என்று அப்பாவின் கைபேசியில் சொன்னார்கள். மாரடைப்பு. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கம்பெனியும் இரங்கல் மின்னஞ்சல் அனுப்பியது. அதில் மாமாவின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஊழியர் எண் வந்திருந்தது. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு மாமாவைப் பற்றி நான் எழுதுகிறேன். அப்பா பார்த்தால் கிழித்துவிடுவார். அவருடைய மேலாளர் பார்த்தால் எங்களையே ஊருக்கு அனுப்பிவிடுவார்.

மாமா எங்களுக்கு உறவில்லை. நாசரேத்துக்காரர். அப்பா வேலை பார்க்கும் கட்டுமானக் கம்பெனியில் நிர்வாக அலுவலராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். தொழிலாளி யாராவது இறந்தால் உடலை ஊருக்கு அனுப்புவது அவருடைய பொறுப்பு. மருத்துவமனை, போலீஸ், விமான நிலையம் என்று அலைவார். "பெட்டி ஏறுத வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது பிள்ளே" என்பார்.

பிறகு சிஸ்டம் வந்தது. சம்பளம், விடுப்பு, கொள்முதல், கிடங்கு எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குள் அடக்கப்போவதாகத் துபாயிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு கேம்ப்பைக்கூட எட்டிப் பார்க்காமல் திரையில் படம் போட்டே வேலையை முடித்தார்கள். தொடக்க நாளன்று மென்பொருளின் பெயர் எழுதிய கேக் வெட்டினார்கள். மாமா எங்களுக்கும் ஒரு துண்டு கொண்டுவந்தார். "கேக்கு நல்லாத்தான் இருக்கு. மத்தது போகப்போகத் தெரியும்" என்றார்.

போகப்போக, ஒரு ஜோடி கையுறை வாங்குவதற்கே நாலு பேர் கணினியில் ஒப்புதலை அமுக்க வேண்டியிருந்தது. இறந்தவரை அனுப்புவதற்கும் அதே கதைதான். முதல் ஒப்புதல் மாமாவுடையது. அவர் அமுக்காமல் எதுவும் மேலே நகராது. பயிற்சி வகுப்பில் மாமா எழுந்து, "நான் இல்லாத அன்னைக்கு யாரு சார் அமுக்குவா?" என்று கேட்டாராம். விடுப்பில் போகும் முன் உங்களுக்குப் பதில் ஆளை நீங்களே போட்டுவிட்டுப் போங்கள் என்றார்களாம். "சொல்லாமப் போனா?" என்று கேட்டிருக்கிறார் மாமா. அறையே சிரித்ததாம்.

மாமா சொல்லாமல்தான் போனார். அவரை அனுப்புவதற்கான கோரிக்கை அவருடைய ஒப்புதலுக்காகவே போய்க் காத்திருந்தது. அவர் பிணவறையில் கிடந்தார். நாசரேத்திலிருந்து மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, தினமும் அப்பாவைக் கூப்பிட்டு, "அண்ணே, எப்ப வருவாவ?" என்று மட்டும் கேட்டார்கள்.

காரில் அப்பா கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியபோது மேலாளர் சொன்னதை நான் பின்சீட்டிலிருந்து கேட்டேன்.

"மாத்து ஆள் போடாமப் போயிட்டாரேப்பா, என்ன மனுஷன்! நாம கைய வச்சா ஆடிட்ல மாட்டுவோம். துபாய் டீமுக்குக் கம்ப்ளெயின்ட் போட்டுடு."

இறந்தவரைக் குறை சொல்ல அந்த நாக்கு கூசவில்லை. துபாய் ஆட்களின் பதில் அதைவிடக் கேவலம். சம்பந்தப்பட்ட ஊழியர் ஒருமுறை சிஸ்டத்துக்குள் நுழைந்து மாற்று ஆளை நியமிக்க வேண்டுமாம். படித்தவர்கள் எழுதிய பதில் இது.

அன்று மாலை அப்பா சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தார். கம்பெனிக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் என்பதால் கடவுச்சொற்களை மாற்றும் அதிகாரம் அவருக்கு உண்டு. மாமாவின் கணக்குக்குப் புதுக் கடவுச்சொல் போட்டார்.

"வேணாங்க. வேலை போயிடும். இவளுக்குப் பப்ளிக் எக்ஸாம் வருது" என்றார் அம்மா.

"இதே மேசையில சாப்பிட்ட மனுஷன்டி" என்று சொல்லி, மாமாவின் பெயரில் அப்பா ஒப்புதல் கொடுத்தார்.

மேலே இருந்த பெரியவர்கள் எல்லோரும் வரிசையாக அமுக்கினார்கள். இறந்தவர் எப்படி ஒப்புதல் கொடுத்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இவ்வளவு பணம் கொட்டி வாங்கிய கண்காணிப்பின் லட்சணம் இது. ஆனால் ஆடிட் வரும் என்கிறார்கள். அழைப்புமணி அடித்தாலே நான் முதலில் ஓடிப்போய்க் கதவுத் துளையில் பார்க்கிறேன்.

இன்று அத்தை கூப்பிட்டார்கள். மாமா வீடு வந்து சேர்ந்துவிட்டார். "கம்பெனில யாருண்ணே மனசு வச்சு அனுப்புனது?" என்று கேட்டார்கள். "அவரேதாம்மா" என்றார் அப்பா.

போய் வாருங்கள் மாமா. நாளை உங்களை மண்ணில் இறக்க ஊர்க்காரர்கள் நாலு பேரின் கைகள் போதும். அதற்கு யாருடைய ஒப்புதலும் வேண்டாம்.