கை ஆட்டாமல் போனவர்

இங்கே இங்கிலாந்தில், லெஸ்டரில், கம்ப்யூட்டர் கூட்டம் முடியும்போது வயது வந்தவர்கள் எல்லாரும் திரையைப் பார்த்துக் கை ஆட்டுகிறார்கள், ரயிலேற்றிவிட வந்தவர்களைப் போல. கொரோனா காலத்தில், எங்களைப் போல வந்து குடியேறிய சிறுபான்மைக் குடும்பத்தார் மனம்விட்டுப் பேசவென்று புதன்கிழமை மாலைகளில் ஒரு ஜூம் குழு நடந்தது. நடத்தியவர் ஹெலன். நல்ல மனுஷி. "இந்த வாரம் உங்கள் மனதுக்குப் பத்துக்கு எத்தனை மார்க்?" என்று கேட்பார். பரீட்சைக்குப் பயந்து வளர்ந்தவள் நான். எப்போதும் எட்டு என்பேன்.

இரண்டாம் அலையில் ஊரில் அப்பா செத்துப்போனார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியே எங்களைப் படிக்கவைத்தவர். போக விமானம் இல்லை. அந்தப் புதன்கிழமை ஹெலன் மார்க் கேட்டதும் உடைந்துவிட்டேன். பஞ்சாபி அம்மா ஒருவர் கூடவே அழுதார். ஹெலன் மூச்சை இழுத்து விடச் சொல்லிக்கொடுத்தார். பிறகு வழக்கம்போல எல்லாரும் சிரித்த முகமாகக் கை ஆட்டி, "அடுத்த வாரம் பார்ப்போம்" என்றார்கள். குடோனில் வேலை செய்யும் கொரட்டூர்க்காரர் செல்வம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் திரையிலிருந்து போய்விட்டார்.

மறுநாள் ஹெலன் போன் செய்து, செல்வம் அப்படிப் போனதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கோவில்பதாகையில் எங்கள் தெருவில் யார் செத்தாலும், இந்துவோ கிறிஸ்தவரோ, வந்தவர்கள் 'போயிட்டு வரேன்' என்று சொல்ல மாட்டார்கள். சாவு வீட்டுக்கு மறுபடி வருவேன் என்று யாராவது சொல்வார்களா? பேசாமல் எழுந்து போவார்கள். இதை இவருக்கு எப்படி விளக்குவது? "அவர் என் வீட்டுத் துக்கத்துக்கு வந்துவிட்டுப் போனார்" என்றேன். "ஐயோ, யாரும் யார் வீட்டுக்கும் போகக் கூடாதே!" என்று பதறினார் ஹெலன். அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

துக்கம் கேட்க ஒருவராவது வந்தாரே என்ற தைரியத்தில்தான் தம்பி ஜோசப்புக்குப் போன் போட்டேன். அடக்கத்தில் அப்பாவுக்கு மண் போட நான் இல்லையே என்பதுதான் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

"எனக்கும் சேத்து ஒரு புடி மண்ணு போட்டியாடா?"

"எங்கக்கா, கிட்டவே உடல. கொரோனா கவுனு போட்ட நாலு பேரு எறக்கினாங்க, மூடினாங்க. நான் கேட்டாண்ட நின்னுகினு இருந்தேன்." பிறகு அவனே சொன்னான்: "உடுக்கா. நீ இங்க இருந்திருந்தாலும் கேட்டாண்டதான் நின்னுகினு இருந்திருப்பே."

ஆறுதலுக்குத்தான் சொன்னான், பாவம். ஊரில் இருந்திருந்தால் என்கிற அந்த ஒரு நினைப்பில்தான் இங்கே நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன். நினைப்பிலாவது அப்பாவின் குழியருகே நிற்பேன். இப்போது கண்ணை மூடி ஊருக்குப் போனாலும், கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியில், தம்பி பக்கத்தில்தான் நிற்கிறேன்.