டப்பாவில் அடைத்த சண்டைமீன்கள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, சிங்கப்பூரின் வடக்கே ஒரு பேரங்காடியில் செல்லப்பிராணிப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. உயர்நிலை இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கப்பல் பட்டறை, உணவங்காடி, பாதுகாவல் என்று எதிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. தங்கியது லிட்டில் இந்தியாவில், நாலு பேரோடு ஓர் அறையில். இந்த வேலையையாவது விட்டுவிடக் கூடாது என்று இருந்தேன்.

அங்கே சண்டைமீன்களை, சேர்த்து விட்டால் ஒன்றையொன்று கடித்துக் கொன்றுவிடும் என்பதால், சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களில் டப்பாவுக்கு ஒன்றாக அடைத்து அடுக்கியிருந்தார்கள். கையளவு தண்ணீர், அதுவும் மஞ்சளாக. வாரம் ஒருமுறை மீன் கொண்டுவருபவர்தான் தண்ணீர் மாற்றுவார். நாங்கள் தொடக் கூடாது. என் வேலை, கடை திறக்குமுன் செத்ததைப் பொறுக்கிக் குப்பைப் பையில் போடுவது. தினமும் இரண்டு மூன்று இருக்கும். போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போவேன்.

பேருந்து ஓட்டும் அக்கா ஒருவர் அடிக்கடி சீருடையோடு வருவார். டப்பாக்களைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். அவரைக் கண்டாலே நான் பூனை உணவுப் பக்கம் நழுவிவிடுவேன். ஒருநாள் மாட்டிக்கொண்டேன்.

"என்ன பிரதர், நீங்க மீன் விக்கிறீங்களா, கருவாடு விக்கிறீங்களா?"

சிரித்து மழுப்பினேன். ஆனால் அறைக்குத் திரும்பும்போது ரயிலில் அதுவே மனதில் ஓடியது. மறுநாள் மாலை, யாரிடமும் சொல்லாமல் இரண்டு வாளி குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்தேன். ஒரு ராத்திரி வைத்திருந்தால் அதில் கிருமி கொல்லக் கலக்கும் மருந்து போய்விடும் என்று யாரோ எப்போதோ சொன்ன ஞாபகம். காலையில் எல்லா டப்பாவிலும் பழையதைக் கொட்டிப் புதிதாக ஊற்றினேன். பளிங்கு மாதிரி இருந்தது. எனக்கே பெருமை.

மதியத்துக்குள் மீன்கள் ஒருபக்கமாகச் சாய ஆரம்பித்தன. ஏழெட்டு செத்தே போயின. செத்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அந்த அக்கா வந்தார். நேரே மேலாளரிடம் போவார், என் வேலை போச்சு என்று நினைத்தேன். நடந்ததைக் கேட்டவர், பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். நம் குழாய்த் தண்ணீரில் இருக்கும் மருந்து சும்மா வைத்திருந்தால் போகாதாம்; இதைச் சொட்டுவிட்டால்தான் முறியுமாம்.

"பாட்டில்லயே எழுதியிருக்கு லா. படிக்கலையா?"

தினமும் அந்த பாட்டிலைத் துடைத்து அடுக்குகிறவன் நான்தான். ஒருநாளும் படித்ததில்லை.

அவரே காசு கொடுத்து அதை வாங்கி வந்தார். இருவரும் தரையில் உட்கார்ந்து டப்பா டப்பாவாகச் சொட்டுவிட்டோம். பாதியில் மேலாளர் வந்து நின்றார். மீன்காரர் மேல் பழியைப் போட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. அக்கா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னேன்: தண்ணீரை மாற்றியது நான்தான், தினமும் காலையில் செத்ததை எடுத்துப் போட மனசு கேட்கவில்லை.

"தினமுமா?" என்றார் மேலாளர்.

அவர் அங்கே ஒரு செத்த மீனைக்கூடப் பார்த்ததில்லை. அவர் வருமுன் நான்தான் சுத்தம் செய்துவிடுவேனே.

எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். ஆனால் மறுநாள் கடை திறக்குமுன்பே வந்து, நான் பொறுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒரு வாரம் அப்படி வந்தார். அடுத்த மாதம் டப்பா மீன்கள் வருவது நின்றது. தண்ணீரைச் சுத்தப்படுத்தும் கருவி பொருத்திய பெரிய தொட்டியில், கூட்டமாக வாழும் சின்ன மீன்கள் கொஞ்சம் மட்டும் வந்தன. தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. அன்றைக்குச் சொட்டுவிட்டவற்றில் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. அவற்றில் ஒன்றை அக்கா எடுத்துப் போனார்.

அந்தக் கடையில் இரண்டு வருடம் இருந்தேன். எனக்கு அது பெரிய விஷயம். சுத்தம் செய்கிறோம் என்று நினைத்து அந்த மீன்களின் சாவை நானே மறைத்துக்கொண்டிருந்தது இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் இப்போது எங்கே வேலை பார்த்தாலும், தப்பாக ஒன்று கண்ணில் பட்டால் அதைத் துடைப்பதற்கு முன் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுகிறேன்.