ஆம்பளைக்கு ஒரு விரல்

எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர்கள் வந்தபோது அந்த அறையின் சாவி என் கைக்கு வந்ததற்குக் காரணம் என் படிப்பு அல்ல, என் மீசை. ஆசிரியர்களில் மீசை வைத்தவர்கள் இரண்டே பேர். மற்றவர் பள்ளிக்கூடத்தின் தலைவரான அதிபர், யாழ்ப்பாணத்துக்காரர்.

"தம்பி, மற்றதெல்லாம் பொம்பிளைப் பிள்ளையள். மெஷின் விசயம் உமக்குத்தான் விளங்கும். நீர் ரேடியோவெல்லாம் திருத்துவீராமே" என்றார்.

அந்த ரேடியோ கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். தொண்ணூறுகளின் நடுவில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த காலத்தில், ஹட்டன் டவுனில் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பு முழுக்கப் பெண்கள். அப்பாவோ தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியைக் கத்தியால் மட்டமாக வெட்டுகிற அந்த வேலை ஆண்களுக்கு. கொழுந்து கிள்ளுவது பெண்களுக்கு. கத்தி பிடித்தால் ஆம்பளை, விரலை ஆட்டினால் பொம்பளை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இதற்கு மேல் சட்டம் கிடையாது. அதனால் ரேடியோ திருத்தப் படிக்கிறேன் என்று அப்பாவிடம் புளுகிவிட்டேன்.

அவர் சும்மா இருந்தாரா? ஊரெல்லாம் பெருமையடித்தார். லயத்தில் வாயடைத்துக் கிடந்த ரேடியோக்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கின. நான் அவற்றைப் பைக்குள் மறைத்து ஹட்டனுக்குக் கொண்டுபோய், திருத்துகிற கடையில் நின்ற கூட்டாளியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சிச் சரிபண்ணிக்கொண்டு வருவேன். இப்படித்தான் நான் மெஷின் தெரிந்த ஆம்பளை ஆனேன். பிறகு எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியர் வேலையும் கிடைத்தது. மெஷின் தெரிந்தவன் என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

கம்ப்யூட்டர் அறை கிட்டத்தட்ட சாமியறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மானிட்டர்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்துத் தேங்காயும் உடைத்தோம். பத்தாம் வகுப்புப் பையன்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். பத்து விரலையும் எழுத்துகளின் மேல் வைக்கச் சொன்னேன். முன்னால் உட்கார்ந்திருந்தவன் சுட்டுக்கொண்டவன் போலக் கையை எடுத்தான்.

"என்னங்க சேர், கொழுந்து எடுக்கிற மாதிரி இருக்கு."

அவ்வளவுதான். அடுத்த கிழமை பெண் பிள்ளைகள் மட்டும் வந்தார்கள். பையன்கள் மைதானத்தில் நின்றார்கள். வந்த ஓரிருவரும் ஆள்காட்டி விரலை நீட்டி, ஒவ்வொரு எழுத்தையும் எதிரியைக் குத்துவதுபோலக் குத்தினார்கள். ஆம்பளைக்கு ஒரு விரல் போதுமாம்.

எனக்குப் பத்து விரலும் துறுதுறுத்தன. அடித்துக் காட்டினால் பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு வருவார்கள் என்று தெரியும். ஆனால் எங்கே படித்தேன் என்று கேட்பார்கள். கேட்டது அப்பா காதுக்குப் போகும். பிள்ளையைப் பற்றி அவர் ஊரில் அடித்திருந்த பெருமையெல்லாம் ஒரே நாளில் கந்தலாகிவிடும். அதற்கு நான் பயந்தேன், நன்றாகவே பயந்தேன். ஆகையால் நானும் ஒற்றை விரலால் குத்திக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் கொடுத்தவர்களின் ஆள் ஒருவர் கொழும்பிலிருந்து பார்வையிட வந்த அன்று விசயம் முற்றியது. பெற்றோர்களையும் கூப்பிட்டிருந்தோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு முன்வரிசையில் வந்து நின்றார். ஜன்னல் முழுக்கப் பையன்களின் தலைகள். வந்தவர், ஆங்கிலத்தில் ஒரு நன்றிக் கடிதம் வேண்டும், மலைப்பாதையில் மூடுபனி இறங்குவதற்குள் கிளம்பவேண்டும் என்றார். அதிபர் சொல்லச் சொல்ல நான் குத்தினேன். அவர் மூன்றாவது வரிக்குப் போய்விட்டார்; நான் இன்னும் வணக்கம் சொல்லி முடிக்கவில்லை.

"கெதியா அடியும் தம்பி. மனுசன் வெளிக்கிடப் போறார்."

போகட்டும் என்று பத்து விரலையும் இறக்கினேன். ஹட்டன் வகுப்பில் பழகிய கை, எதையும் மறந்திருக்கவில்லை. அதிபர் மூச்சு வாங்க நிறுத்தியபோது நான் அவருக்காகக் காத்திருந்தேன்.

ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது: "டேய், சேரு கொழுந்து எடுக்கிறாருடா."

பையன்கள் சிரித்தார்கள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த ரேடியோவையெல்லாம் செஞ்சது யாரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஹட்டன்ல ஒரு கூட்டாளிங்கப்பா."

அவர் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். கடிதம் கொழும்புக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த கிழமையே பையன்களும் வந்தார்கள். எல்லா விரலுக்கும் சம்மதித்தார்கள் என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆளுக்கு இரண்டு விரலோடு சமாதானமானார்கள்.

ஆனால் கடிதம் அடித்த அன்று சாயங்காலம் அப்பாவோடு வீட்டுக்கு நடந்தது எனக்குக் கொடுமையாக இருந்தது. வழி முழுக்க அவர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். வீட்டில் அம்மா மலையிலிருந்து அப்போதுதான் வந்து, கொழுந்துக் கறை படிந்த விரல்களைக் கழுவிக்கொண்டிருந்தார். காலமெல்லாம் அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். அவர் கை வேகத்தைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

"ஸ்கூல்ல என்னங்க பாத்தீங்க?" என்று அம்மா கேட்டார்.

"ஓங் கையப் பாத்தேன்" என்றார் அப்பா. "அப்படியே இவங்கிட்ட இருக்கு."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு ஈரம் காயாத கைகள் இரண்டையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.